ஹட்சனுக்குக் காது கொடுத்து

பியானோவைக் கொளுத்தியவர் என்று சொன்னால்தான் பலருக்கு அன்னியா லாக்வுட்டைத் தெரிகிறது. 1968இல் லண்டனில், தேம்ஸ் ஆற்றங்கரையில், இனிப் பழுதுபார்க்க வழியே இல்லை என்று கழித்துக்கட்டிய ஒரு பியானோவுக்குத் தீ வைத்து, சூட்டில் கம்பிகள் அறுந்து தெறிக்கும் சத்தத்தைக் கேட்க வைத்தார். சில ஆண்டுகள் கழித்து டெக்சாஸில் இன்னொரு பியானோவைக் குட்டையில் இறக்கினார். வம்புக்குச் செய்தது போலத் தோன்றும். ஆனால் இரண்டிலும் அவர் தேடியது ஒன்றுதான்: ஒரு பொருள் தன் போக்கில் எழுப்பும் ஓசையைக் குறுக்கே புகுந்து கெடுக்காமல் கடைசிவரை கேட்பது. அந்தப் பொறுமை ஆற்றின் பக்கம் திரும்பியபோது பிறந்ததுதான் ஹட்சன் ஆற்றின் ஒலி வரைபடம்.

லாக்வுட் 1939இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் பிறந்தவர். லண்டனில் இசை படித்து, அங்கேயே சில காலம் இருந்துவிட்டு, 1973இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். போகிற இடத்திலெல்லாம் ஆற்றுச் சத்தத்தைப் பதிவு செய்து சேர்த்துவைக்கும் பழக்கம் அதற்கு முன்பே அவருக்கு உண்டு. நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸ் நகரத்து ஹட்சன் ரிவர் மியூசியம் கேட்டுக்கொண்டதன் பேரில், 1981-82இல் அந்த ஆற்றை ஊற்றிலிருந்து கடல்வரை தொடர்ந்து போய் 15 இடங்களில் ஒலிப்பதிவு செய்தார். அடிரோண்டாக் மலையில், கடல் மட்டத்துக்குச் சுமார் 4,300 அடி மேலே, 'மேகங்களின் கண்ணீர்' என்று பொருள்படும் பெயரோடு ஒரு சின்ன ஏரி இருக்கிறது. அங்கே தொடங்கி, ஸ்டாட்டன் தீவுக்கு அப்பால் அட்லாண்டிக்கில் முடிகிறது பதிவு. அரங்கில் இரண்டு மணி நேரம் ஓடும். ஒலிபெருக்கிகள், சுவரில் ஆற்றின் வரைபடம், எந்த இடத்தின் சத்தம் எப்போது வரும் என்ற நேரக் குறிப்பு, ஆற்றோடு வாழ்கிறவர்கள் பேசுவதைக் கேட்கக் காதொலிப்பான்கள். படம் கிடையாது, திரை கிடையாது, பின்னணி இசை மருந்துக்கும் கிடையாது.

இந்தக் காலத்தில் 'இம்மர்சிவ்' என்று பலகை மாட்டிய இடத்துக்குப் போனால் நாலு சுவரிலும் வான்கோவின் சூரியகாந்தி சுழலும், தரையில் நட்சத்திரம் ஓடும், நாம் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருப்போம். லாக்வுட்டின் அறையில் படம் பிடிக்க ஒன்றுமே இல்லை. ஆளை முக்கி எடுக்க வேண்டுமானால் கண்ணைச் சும்மா விட்டுவிட வேண்டும் என்று அவருக்கு 40 வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

1989இல் 'லவ்லி மியூசிக்' நிறுவனம் இதைச் சுருக்கி, 71 நிமிடக் குறுந்தகடாக வெளியிட்டது. அதுதான் என் கைப்பேசியில் இருந்தது. அறைக்குள் உட்கார்ந்து கேட்பதைவிட, அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே, அதன் கரையோடு போய்க்கொண்டே கேட்க வேண்டும் என்பது என் ஆசை. ஜெர்சி சிட்டியில் தங்கை மகன் வேலை பார்க்கிறான். அக்டோபரில் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் கேட்டுவிட்டுக் காதிலிருந்து கழற்றிக் கொடுத்தான்.

“மாமா, இது தண்ணிச் சத்தம்தானே? யூடியூப்ல பத்து மணி நேரம் மழை பெய்யற வீடியோ இருக்கு. தூக்கம் வரலேன்னா நானே போட்டுக் கேப்பேன்.”

“அதுல எந்த ஊரு மழைன்னு தெரியுமாடா?”

“மழைக்கு எதுக்கு மாமா ஊரு?”

பதில் சொல்லவில்லை. டிக்கெட் எடுக்கச் சொன்னேன்.

கிராண்ட் சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் மெட்ரோ நார்த் ரயிலில் ஹட்சன் லைன் என்று ஒரு தடம். விவரம் தெரிந்தவர்கள் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துவிடுவார்கள். ஹார்லெமைத் தாண்டி, ஸ்பைட்டன் டைவில் என்ற இடத்தில் வண்டி வளைந்து திரும்பியதும், மறைப்பு ஏதுமில்லாமல் ஹட்சன் வந்து நிற்கும். எதிர்க்கரையில் பாலிசேட்ஸ் என்னும் செங்குத்துப் பாறைச் சுவர், அதன் தலையில் மஞ்சளும் சிவப்புமாக இலையுதிர்கால மரங்கள். தண்டவாளம் தண்ணீரை உரசிக்கொண்டு போகிறது. சில இடங்களில் ஜன்னலுக்குக் கீழே நேராக அலைதான்.

கண்ணுக்கு விருந்து, சரி. ஆனால் இந்த ரயில்பாதைதான் கரையோர ஊர்களை ஆற்றிடமிருந்து பிரித்தது. 1851இல் நியூயார்க்கிலிருந்து ஆல்பனி பக்கம்வரை பாதை போட்டு முடித்தபோது, மேடு பள்ளம் இல்லாத இடம் வேண்டும் என்று கிழக்குக் கரையையே எடுத்துக்கொண்டார்கள். ஆற்றங்கரையில் ஊர் இருக்கிறது, ஊருக்குத்தான் ஆற்றங்கரை இல்லை. தண்ணீரைத் தொட வேண்டுமென்றால் பல ஊர்களில் ரயில் நிலையத்து மேம்பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். அடைத்த கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் நமக்கோ ஆறு முழுக்க ஊமைப்படம்.

யாங்கர்ஸில் இறங்கியதும் நான் முதலில் பார்க்க விரும்பியது ஹட்சனை அல்ல, அதில் வந்து விழும் சா மில் ஆற்றை. அமெரிக்க ஆறுகளில் பரம ஏழை என்று இதைச் சொல்லலாம். மரம் அறுக்கும் ஆலைகளுக்காக உழைத்தது, பிறகு ஊர்க்கழிவையெல்லாம் சுமந்தது. 1920களில் ஊருக்கு நடுவே இதை நிலத்தடிச் சுரங்கத்துக்குள் தள்ளி மூடி, மேலே கார் நிறுத்துமிடம் போட்டுவிட்டார்கள். 90 வருடம் கழித்து, 2011இல், அதே இடத்தைத் தோண்டி ஆற்றை மறுபடி வெயிலுக்குக் கொண்டுவந்தார்கள். ரயில் நிலையத்திலிருந்து பொடிநடையில் போய்விடலாம். பெயர் வான் டெர் டாங்க் பூங்கா. கார்கள் நின்ற இடத்தில் இப்போது பாறைகளுக்கு இடையே தண்ணீர் புரண்டு ஓடுகிறது. விலாங்கு மீன் ஏறிவர வழி வைத்திருக்கிறார்கள்.

அங்கே ஒரு கல் விளிம்பில் உட்கார்ந்தேன். ஒரு பாறை, முழங்கால் உயரம். அதன் மேல் தண்ணீர் கண்ணாடித் தகடு போல வழுக்கி ஏறுகிறது. ஏறும்போது சத்தமே இல்லை. மறுபக்கம் கவிழ்ந்து, கீழே இருக்கும் தண்ணீரில் இடிக்கிற இடத்தில்தான் சத்தம் பிறக்கிறது. உற்றுப் பார்த்தால் அந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. வெள்ளை என்பது காற்று. விழுகிற தண்ணீர் காற்றைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது, குமிழ் ஒவ்வொன்றும் பிறந்த கணத்தில் சுருங்கி விரிந்து ஒரு மணி அடிக்கிறது. பெல்ஜியத்தில் பிறந்த வானியலாளர் மார்செல் மின்னார்ட் 1933இல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழ் நொடிக்குச் சுமார் 3,300 முறை அதிர்கிறது, ஒரு சென்டிமீட்டர் குமிழ் சுமார் 330 முறை. சிறிய குமிழ் கீச்சென்று, பெரிய குமிழ் கட்டைக்குரலில். ‘சலசல’ என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது ஆயிரக்கணக்கான குமிழ்கள் ஆளுக்கொரு சுருதியில் எழுப்பும் கூட்டுச் சத்தம்.

தலையை ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்த்தினால் கட்டைக்குரல் போய்க் கீச்சுக்குரல் தூக்கலாகிறது. அந்தப் பக்கம் நகர்த்தினால் இரண்டு பாறைக்கு நடுவே எங்கோ ‘க்ளக்’ ‘க்ளக்’ என்று தாளம் தப்பாமல் ஒரு விழுங்கல். லாக்வுட்டின் பதிவுகளில் மைக் எங்கே நிற்கிறது என்பதில் ஏன் அவ்வளவு கவனம் தெரிகிறது என்று அப்போது புரிந்தது. ஆறு ஒன்றுதான். அரை அடி தள்ளி நின்றால் வேறு ஆறு.

இன்னொன்றும் தோன்றியது. இந்தப் பாறைகள் தாமாக வந்து கிடந்தவை அல்ல. பொறியாளர்கள் கணக்குப் பார்த்துக் கொண்டுவந்து வைத்தவை. தண்ணீர் இங்கே பேசுவது மனிதர் போட்ட திட்டத்தால். அப்படிப் பார்த்தால் யாங்கர்ஸ் நகராட்சியும் ஒரு ஒலிச் சிற்பம் செய்துவைத்திருக்கிறது, யாரும் அதை அப்படி அழைப்பதில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நிலையம் கிளென்வுட். மேட்டில், வார்பர்ட்டன் அவென்யூவில், 1877இல் கட்டிய கிளென்வியூ மாளிகையும் அதோடு ஒட்டிய ஹட்சன் ரிவர் மியூசியமும் ஆற்றைப் பார்த்து நிற்கின்றன. கீழே, தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில், ரயிலுக்கு மின்சாரம் தருவதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மின்நிலையம் செங்கல் பூதமாக நிற்கிறது. அதைத் தாண்டி ஆற்றோரத்தில் பெஞ்சு தேடி உட்கார்ந்து பதிவை ஓடவிட்டேன்.

முதலில் வருவது ஆறு என்றே சொல்ல முடியாத ஒன்று. ஈரம் கசிந்து சொட்டுகிற, எதன் மேலோ தயங்கித் தயங்கி வழிகிற சின்னச் சின்ன ஒலிகள். பிறகு ஓடை. பிறகு ஓடைகள் சேர்ந்து பாறைகளில் மோதி இறங்கும் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளும் அடுக்கு அடுக்காகக் குரல்கள். மலையை விட்டுச் சமவெளிக்கு வந்ததும் ஆறு பெரிதாகிறது, சத்தம் சின்னதாகிறது. கடைசிப் பகுதிகளில் நீண்ட இடைவெளி விட்டு ஒரு அலை வந்து கரையைத் தட்டுகிறது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று.

காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு எதிரே இருக்கும் நிஜ ஹட்சனைக் கேட்டேன். ஒரு மைல் அளவுக்கு அகலமான ஆறு. சத்தம் என்று பார்த்தால் காலடியில் இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு சப்புக்கொட்டல், அவ்வளவுதான். மற்றபடி கேட்டதெல்லாம் ரயில், தூரத்தில் ஹெலிகாப்டர், ஒரு இழுவைப் படகின் எஞ்சின். நிறைகுடம் தளும்பாது என்பது ஆற்றுக்கும் பொருந்தும். ஒகேனக்கலில் காது கிழியக் கத்துகிற காவிரி, திருச்சிக்கு வரும்போது வாயைத் திறப்பதில்லை. லாக்வுட்டின் வரைபடம் ஆற்றின் நீளத்தைக் காட்டுகிறது என்று சொல்வார்கள். எனக்கு அது ஆற்றின் ஓரத்தைக் காட்டுவதாகத்தான் பட்டது. ஆழமான நடு ஆறு பேசுவதில்லை. கல்லோடும் கரையோடும் காற்றோடும் தகராறு வருகிற இடத்தில்தான் குரல். அந்த இடங்களில் மைக்கை வைத்துக்கொண்டு காத்திருந்ததுதான் அவருடைய வேலை.

“மாமா, அந்தக் கட்டையப் பாருங்க. மேல போகுது.”

உண்மைதான். கரையிலிருந்து பத்தடியில் ஒரு மரக்கட்டை வடக்கே, மலையை நோக்கி, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. ஹட்சனின் நீளம் 315 மைல். அதில் கீழ்ப்பாதி, கடலிலிருந்து டிராய் நகரத்து அணைவரை 153 மைல், கடலின் ஏற்ற வற்றத்துக்குக் கட்டுப்பட்டது. ஓதம் ஏறும்போது ஆறு திரும்பி ஓடும். மழை குறைந்த வருடங்களில் உப்புநீர் நியூபர்க்கையும் தாண்டி ஏறி, இந்த ஆற்றையே குடிக்கும் போகிப்ஸி நகரத்துக்கு வயிற்றைக் கலக்கும். கட்டை போகிற வேகத்தில் இருந்த பலத்துக்கு ஒரு முணுமுணுப்பாவது கேட்க வேண்டும். கேட்கவில்லை.

கேட்காதது அது மட்டுமில்லை. பக்கத்தில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். பிடித்தால் சாப்பிடுவீர்களா என்று மருமகன் கேட்டதற்கு, சிரித்துவிட்டு, பிடிப்பேன், திரும்ப விட்டுவிடுவேன் என்றார். 1947க்கும் 1977க்கும் இடையில், மேல்ஹட்சனில் ஃபோர்ட் எட்வர்ட், ஹட்சன் ஃபால்ஸ் என்ற இரண்டு ஊர்களில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆலைகளிலிருந்து, மின்தேக்கி செய்யப் பயன்பட்ட பி.சி.பி. என்னும் ரசாயனம் ஆற்றில் கலந்தது. 13 லட்சம் பவுண்டுவரை இருக்கலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் கணக்கு. 1976இல் கோடுபோட்ட பாஸ் மீனைப் பிடித்து விற்பது தடைசெய்யப்பட்டது. 1984இல், ஹட்சன் ஃபால்ஸிலிருந்து மன்ஹாட்டன் முனைவரை ஆற்றின் 200 மைல் நீளத்தையும், துப்புரவு செய்தே ஆகவேண்டிய நச்சுத்தலங்களின் தேசியப் பட்டியலில் சேர்த்தார்கள். 2009 முதல் 2015 வரை ஆற்றடி வண்டலைத் தோண்டி அள்ளினார்கள். மீனைச் சாப்பிடலாமா, எந்த மீனை, யார், மாதம் எத்தனை தடவை என்று மாநிலச் சுகாதாரத் துறை இன்றைக்கும் அறிவுரை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

தேதிகளைப் பொருத்திப் பாருங்கள். லாக்வுட் மைக்கோடு போனது 1981-82. மீன் தடை வந்துவிட்டது, தோண்டல் தொடங்கவில்லை. நான் கேட்டு மயங்கிய அந்த நீர்மணிகளில் பல நஞ்சுள்ள தண்ணீரில் அடித்தவை. காதுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. நல்ல தண்ணீரின் குமிழும் கெட்ட தண்ணீரின் குமிழும் மின்னார்ட்டின் கணக்குக்கு ஒன்றுதான். இயற்கையைக் காது கொடுத்துக் கேட்டாலே அதன் நோய் புரிந்துவிடும் என்று எழுதுகிறவர்கள் அதிகம். எனக்கு அதில் நம்பிக்கை குறைந்துபோனது இந்தப் பெஞ்சில்தான். ஹட்சனின் நோயைக் கண்டுபிடித்தது ஆய்வுக்கூடம், காது இல்லை. ஆனால் இதற்காகப் படைப்பின் மதிப்பு ஒரு அணுவும் குறையவில்லை. அந்தப் பதிவு ஆற்றுக்கு வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளவே இல்லை.

மீண்டும் ரயில். டாரிடவுன் அருகே ஆறு ஏரி போல விரிகிறது. ஒஸினிங்கில் சிங் சிங் சிறைச்சாலையின் வளாகத்துக்கு ஊடாகவே வண்டி போகிறது. அதற்கும் மேலே 2021இல் மூடிய இந்தியன் பாயிண்ட் அணுமின் நிலையம். அதன் பிறகு மலைகள் இரு பக்கமும் நெருங்கி வருகின்றன. எதிர்க்கரையில் யானைமுதுகாய் ஸ்டார்ம் கிங் மலை. அதன் அடிவாரத்தில் மின்நிலையம் கட்ட கான் எடிசன் நிறுவனம் போட்ட திட்டத்தை எதிர்த்து ஊர்க்காரர்கள் வழக்குப் போட, 1965இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு வழக்காடும் உரிமை உண்டு என்றது. பண நஷ்டம் இல்லாதவர்களும் ஒரு மலையின் அழகுக்காக நீதிமன்றம் போகலாம் என்று அமெரிக்கச் சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் இது. சிலர் செல்ஃபி எடுத்தார்கள். மலைக்குத் தகும்.

பீக்கனில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் டியா பீக்கன். நபிஸ்கோ பிஸ்கட் நிறுவனத்துக்கு அட்டைப்பெட்டி அச்சடித்த பழைய தொழிற்சாலை, 2003 முதல் கலைக்கூடம். அங்கே மாக்ஸ் நியூஹாஸ் செய்த 'டைம் பீஸ் பீக்கன்' என்ற ஒலிப்படைப்பு 2005 முதல் இருக்கிறது. நியூஹாஸும் 1939இல் பிறந்தவர். தாளவாத்தியக் கலைஞராக இருந்து, மேடையை விட்டு இறங்கி, போகிற வருகிறவர்கள் தற்செயலாகக் கேட்கும்படி பொது இடங்களில் ஒலிகளை ஒளித்துவைக்கத் தொடங்கினார். டைம்ஸ் ஸ்கொயரில் சாலை நடுவே ஒரு இரும்புக் கம்பி வலைக்கு அடியிலிருந்து, ஆலயமணி அடித்து ஓய்ந்த பின் மிஞ்சும் கார்வை போல ஒரு ரீங்காரம் வருகிறதே, அது அவர் 1977இல் வைத்தது. 1992இல் நின்று, 2002இல் மறுபடி உயிர் பெற்றது. பலகை எதுவும் கிடையாது. அந்த வலைமேல் நூறு தடவை நடந்திருப்பேன், சப்வே சத்தம் என்றுதான் நினைத்தேன் என்றான் மருமகன்.

பீக்கனில் உள்ள படைப்பு இன்னும் சூட்சுமம். ஒவ்வொரு மணி நேரமும் முடிவதற்குச் சில நிமிடம் முன்னால், கட்டடத்தைச் சுற்றி ஒரு சத்தம் மெல்ல எழுகிறது. எழுகிறது என்பது கேட்பவருக்குத் தெரியாது. சுற்றுப்புறச் சத்தத்தோடு சத்தமாகக் கலந்து கனத்துக்கொண்டே போகும். சரியாக மணி ஆனதும் சட்டென்று நின்றுவிடும். நின்ற பிறகுதான், ஏதோ இருந்தது என்று உறைக்கும். ராத்திரி கரண்ட் போய், ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்ற பிறகு தெருவில் நாய் நடக்கிற சத்தம்கூடக் கேட்குமே, அதேதான்.

வெளியே தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தோம். அவன் அலுவலக விஷயம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பாதி வாக்கியத்தில் நிறுத்தினான்.

“மாமா, இப்ப என்ன நின்னுச்சு?”

கைக்கடிகாரத்தைக் காட்டினேன். அதற்குப் பிறகு சிறிது நேரம் கேட்டது எல்லாம் மிகத் துல்லியம்: மரத்திலிருந்து இலை பிரிகிற ‘டக்’, சரளைக்கல்லில் யாரோ ஒருவரின் செருப்பு, மரங்களுக்கு அப்பால் ரயில் ஊதல். ஆறு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அது மட்டும் கேட்கவில்லை. லாக்வுட் சத்தத்தைக் கொண்டுவந்து கேட்க வைக்கிறார், நியூஹாஸ் சத்தத்தை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க வைக்கிறார். எனக்கு இரண்டாவது வித்தை அதிகம் பிடித்தது என்று சொன்னால் லாக்வுட் ரசிகர்கள் கோபிக்கலாம். ஆனால் அவன் பாதி வாக்கியத்தில் நின்றதைப் போல எந்தக் குறுந்தகடும் அவனை நிறுத்தியிருக்காது.

பீக்கன் பாடகர் பீட் சீகரின் ஊர். 1969இல் அவரும் நண்பர்களும் கிளியர்வாட்டர் என்ற பாய்மரப் படகைக் கட்டி மிதக்கவிட்டு, ஊர் ஊராக நிறுத்திப் பாட்டுப் பாடி, ஹட்சனைச் சுத்தம் செய்ய ஆள் திரட்டினார்கள். ஆற்றுக்காகச் சத்தம் போட்டவர்கள் அவர்கள்தான்.

கடைசி நிலையம் போகிப்ஸி. லாக்வுட் 1982 முதல் பாடம் நடத்திய வாஸர் கல்லூரி இந்த ஊரில்தான் இருக்கிறது. இரண்டு பாலங்கள். ஒன்று 1889இல் கட்டிய பழைய ரயில் பாலம். ரயில் நின்றுபோய்ப் பாழாகிக் கிடந்ததை 2009இல் நடைபாலமாக்கிவிட்டார்கள். தண்ணீருக்கு 212 அடி உயரத்தில், ஒண்ணேகால் மைல் நீளம். மேலே நடக்கும்போது ஆற்றின் முழு வடிவமும் தெரிகிறது. சத்தம் பூஜ்யம். இன்னொன்று 1930இல் திறந்த மிட்-ஹட்சன் தொங்குபாலம். அதன் நடைபாதைக்காகத்தான் வந்தோம்.

ஜோசப் பெர்டொலோசி இந்தப் பகுதியைச் சேர்ந்த இசையமைப்பாளர். சுத்தியலும் மரக்கட்டையும் விதவிதமான கொட்டுகோல்களும் எடுத்துக்கொண்டு பாலத்தின் கைப்பிடிகள், தூண்கள், கம்பிகள், உத்தரங்கள் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தட்டிப் பதிவு செய்தார். அந்த ஓசைகளை மட்டும் வைத்து 'பிரிட்ஜ் மியூசிக்' என்ற படைப்பை உருவாக்கினார். ஹென்றி ஹட்சன் இந்த ஆற்றில் கப்பலோட்டி வந்த 400ஆம் ஆண்டை ஒட்டி, 2009இல் அரங்கேறியது. பாலத்தின் கோபுரங்களை ஒட்டி நடைபாதையில் கேட்கும் பெட்டி இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் ஒரு உருப்படி ஒலிக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர்வரைதான். குளிர்காலத்தில் பாலத்துக்கு மௌனவிரதம்.

அமுக்கினோம். எங்கோ ஆழத்தில் பேரிகை போல ஒரு ‘தும்’. அதன் மேல் தகரத்தில் விரல் ஓட்டுகிற மாதிரி சுறுசுறுப்பாக ஒரு ஓட்டம். நடுநடுவே கம்பி இழுபட்டு அதிர்கிற நீண்ட கார்வை. கைப்பிடியைத் தட்டினால் என்ன சத்தம் வருகிறது என்று மருமகன் உடனே தட்டிப் பார்த்தான். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள் போலிருக்கிறது, வண்ணம் தேய்ந்திருந்தது. நன்றாகத்தான் இருந்தது, கூட்டத்துக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு லாரி போனதும் பாலம் முழுக்க ஒரு நடுக்கம் ஓடி, காலடியிலிருந்து முழங்கால்வரை ஏறியது. இசையமைப்பாளர் தட்டி எடுத்த எந்தத் ‘தும்’மையும்விட அது பெரிது. பெட்டிக்குள் இருந்த பாலம் வேறு, நாங்கள் நின்ற பாலம் வேறு. ஆறு கீழே தன் பாட்டுக்கு, இதில் எதிலும் சேராமல், போய்க்கொண்டிருந்தது. எந்தத் திசையில் என்று இந்த உயரத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

லாக்வுட் பிற்பாடு டான்யூப் ஆற்றையும் இப்படித் தொடர்ந்து போனார். ஜெர்மனியின் கருங்காட்டில் தொடங்கி ருமேனியக் கழிமுகம்வரை, 2001க்கும் 2004க்கும் நடுவே 59 இடங்கள். தண்ணீருக்குள் இறக்கும் மைக்கும் அப்போது கூட இருந்தது. அரங்கில் ஓடுகிற நேரம் 167 நிமிடம். சுற்றிலும் ஒலிபெருக்கி, கையில் எடுத்துப் பார்க்க ஆற்றுக் கற்கள். கரையில் வாழ்கிறவர்களிடம், இந்த ஆறு உங்களுக்கு யார், இது இல்லாமல் உங்களால் இருக்க முடியுமா என்ற மாதிரிக் கேட்டு, அவரவர் மொழியிலேயே பேசவிட்டு, அந்தக் குரல்களைத் தண்ணீரோடு கலந்தார். ஹட்சன் படைப்பில் மனிதக் குரல் தனியாகக் காதொலிப்பானில் இருந்தது. டான்யூபில் அது ஆற்றுக்குள்ளேயே வந்துவிட்டது. இருபது வருடத்தில் அவர் வந்து சேர்ந்த இடம் அது. டான்யூப் பெரிய படைப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும், மனிதன் வாயே திறக்காத அந்த 71 நிமிடத்தின் பிடிவாதம் எனக்கு வேண்டியிருக்கிறது.

திரும்பும்போது வசதி ஒன்று கிடைத்தது. போகும்போது பதிவு ஊற்றிலிருந்து கடலுக்கு ஓட, ரயில் கடலிலிருந்து மலைக்கு ஏறியது. இப்போது இரண்டும் ஒரே திசை. போகிப்ஸியிலிருந்து கிராண்ட் சென்ட்ரல் இரண்டு மணி நேரத்துக்குக் கிட்ட. பதிவு முடிந்தும் ரயில் மிச்சமிருக்கும். வண்டி கிளம்பியதும் மலை ஏரியை ஓடவிட்டு, வலப்பக்கக் காதுக்கானதை அவனிடம் நீட்டினேன். ஆச்சரியம், வாங்கி மாட்டிக்கொண்டான். கோல்ட் ஸ்பிரிங் வரை பேச்சில்லை. தூங்கிவிட்டானோ என்று பார்த்தேன். இல்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, இந்த அம்மா தண்ணிய மட்டும்தான் எடுத்தாங்கன்னு சொன்னீங்க. இதுல பின்னாடி ரயில் ஓடற சத்தம் வருதே.”

“அது அவங்க ரயில் இல்லடா. நாம உக்காந்திருக்கிற ரயில்.”

“அப்ப அந்தத் தண்ணி?”

“அது அவங்க தண்ணி.”

“இங்க ஜன்னலுக்கு வெளிய இருக்கே, அதே தண்ணிதானே மாமா?”

ஓதம் இறங்கிக்கொண்டிருக்கிறதா ஏறிக்கொண்டிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். அதற்குள் டிக்கெட் பரிசோதகர் வந்து நின்றார்.